தலேனா நாட்டை ஆளப் போனோம்

ஒரு நாட்டை முப்பது ஆண்டு ஆள்வதற்காக லண்டன் போனேன். கையில் ஒரு வாரம்கூட இல்லை.

நாட்டின் பெயர் தலேனா. வரைபடத்தில் தேட வேண்டாம். இளைஞர்களுக்காக நடக்கும் ஒரு போட்டிக்கு அங்குள்ள பொருளியல் ஆசிரியர்கள் சிலர் உருவாக்கிய கற்பனைத் தீவு அது. எட்டு மாவட்டங்கள், மீன்பிடி, கொஞ்சம் தென்னை, நிறைய ஏழைகள். ஒருநாள் கடலுக்கடியில் எரிவாயு கிடைக்கிறது. இரண்டிரண்டு பேராகப் போட்டியாளர்கள் அமைச்சரவை அமைக்க வேண்டும். வாக்காளர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து ஓய்வு பெற்றவர்களையும் மாணவர்களையும் கடைக்காரர்களையும் கூட்டி வந்து, எட்டுப் பகுதியாக உட்கார வைத்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிடுகிறார்கள். 'நீ மூன்றாம் மாவட்டத்துச் செவிலி', 'நீ ஐந்தாம் மாவட்டத்துத் தென்னை விவசாயி' என்று. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல். முப்பது ஆண்டு முடியும்போது நாட்டிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

வென்றால் இருவருக்கும் அங்கேயே ஓராண்டு படிப்பு, செலவு அவர்களுடையது. எனக்கு அது வேண்டும். தூத்துக்குடியில் எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு ஒரு டுடோரியலில் வங்கித் தேர்வுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரை மணலிலேயே கனிமம் கிடக்கிற ஊர்க்காரி நான். மண்ணுக்குள் செல்வம் இருக்கும் நாடுகளில் சில ஏன் நிமிர்கின்றன, சில ஏன் குப்புற விழுகின்றன என்பது மட்டும்தான் எனக்குப் படிக்க வேண்டியிருந்தது. அதை எங்கள் ஊரில் படிக்க இடமில்லை. என்னோடு வந்த முத்துக்குமாருக்கும் அதே கதை. கல்லூரியில் என் வகுப்பு. அவன் நிதியமைச்சர், நான் பிரதமர். பதவியை யார் பிரித்தது என்று அவன் இன்னமும் கேட்கிறான்.

கிங்ஸ்பரியில் தெரேசா அக்கா வீட்டில் தங்கல். எங்கள் பங்குச் சாமியார் மூலம் கிடைத்த தொடர்பு. இலங்கையில் மன்னார்க்காரர்கள். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறியவர்கள். அவர் கணவர் பீலிக்ஸ் அண்ணை வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் தொழில் வைத்திருக்கிறார். நான் கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூன் விமானத்தில் நொறுங்கி மாவாகிப் போயிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த அக்கா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உது பரவாயில்லை பிள்ளை. கரண்டியால சாப்பிட்டாலும் இனிக்கும்தானே. முதல்ல புட்டைச் சாப்பிடுங்கோ. தம்பி, உமக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் போடட்டோ?"

முத்து வாயில் புட்டோடு தலையாட்டினான். எங்கள் ஊர்ப் புட்டுக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் பொது. இதற்குப் பக்கத்தில் முட்டைப் பொரியலும் இடிசம்பலும் சொதியும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாட்டை ஆளத் தெம்பு வந்துவிட்டதாக உணர்ந்தேன்.

தெம்பு மறுநாள் மதியம் வரைக்கும்தான்.

இரண்டாம் நாள் ஒத்திகைச் சுற்று. ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் பழைய செங்கல் மண்டபம். உயரமான சன்னல்கள், குளிர்ந்த சாண்ட்விச், எதற்கெடுத்தாலும் 'ஸாரி' சொல்லும் தொண்டர்கள். எங்கள் திட்டம் அப்பழுக்கில்லாதது என்று நினைத்தோம். நார்வே செய்ததுதான். எரிவாயுப் பணத்தை நாட்டுக்குள் கொட்டாமல் ஒரு நிதியத்தில் போட வேண்டும். முதலைத் தொடக்கூடாது, வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எரிவாயு ஒருநாள் தீரும், நிதியம் தீராது.

எதிர்க்கட்சித் தலைவராக நடிப்பது ஹானா என்ற பெண். முந்தைய போட்டி ஒன்றில் தோற்றவள், அந்தக் கோபம் குரலில் இருந்தது. அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. உங்கள் பணம் மட்டும் வெளிநாட்டு வங்கியில், காய்ந்த இடத்தில் படுத்துத் தூங்குகிறது."

அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. ஏழாம் மாவட்டப் பகுதியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், பெயர் ரொனால்ட், கையில் மீனவர் அட்டை, என்னைப் பார்த்துக் கேட்டார்: "பேரப்பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கிறாய், நல்லது. அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன?"

இரண்டாவது தேர்தலிலேயே எங்களைத் தூக்கிவிட்டார்கள். பதவிக்கு வந்த ஹானா முதல் வேலையாக நிதியத்தை உடைத்துப் பணத்தைப் பங்கிட்டாள். தலேனா திவால். மற்ற அணிகள் மட்டும் என்ன வாழ்ந்தன? இத்தாலிக்காரர்கள் வாரி வாரிச் செலவழித்து மூன்று தேர்தல் ஜெயித்தார்கள். எரிவாயு விலை விழுந்ததும் அவர்களுடைய தலேனாவும் திவால். சேர்த்து வைத்தால் விரட்டுகிறார்கள், செலவழித்தால் கவிழ்கிறோம். இந்தப் போட்டியில் இதுவரை ஒரு தலேனாவும் நிதியத்தோடு முப்பதாம் ஆண்டைப் பார்த்ததில்லை என்று ஒரு தொண்டர் ஆறுதலாகச் சொன்னார். ஆறுதலாக இல்லை.

தேம்ஸைப் பார்த்தால் மனம் ஆறும் என்று மாடிப் பேருந்தில் ஏறி முன்னிருக்கையைப் பிடித்தோம். நதி எங்கள் தாமிரபரணியைவிடக் கலங்கலாக ஓடியது. பின்னிருக்கையில் இரண்டு வயதான வெள்ளைக்காரப் பெண்கள் ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வட கடல்ல நமக்கும்தான் எண்ணெய் கிடைச்சுது. எங்கே போச்சு அதெல்லாம்?"

"வரியைக் குறைச்சாங்க, அதில போச்சு. நீ அப்ப புது கார் வாங்கி ஊரெல்லாம் சுத்தினியே, மறந்துட்டியா?"

"அது நல்ல கார்," என்றாள் முதலாமவள்.

முத்து என் தோளை இடித்தான். அதே கடலின் ஒரு கரையில் நார்வே சேர்த்து வைத்தது, மறு கரையில் இவர்கள் கார் ஓட்டினார்கள். இத்தனை பெரிய நாட்டிலேயே நடக்காததை நூறு அட்டைக்காரர்களிடம் எப்படி நடத்துவது? தலைவர்கள் புத்திசாலிகளாக இருந்தால் போதும் என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். புத்தி போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது. என்ன போதும் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஓய்வு. ஆர்ச்வேயில் முருகனைப் பார்க்க வேண்டும் என்று முத்து அடம்பிடித்தான். நார்தன் லைன் ரயில் பாதை பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள், நாங்கள் பேச்சு மும்முரத்தில் கேட்கவில்லை. எட்ஜ்வேர் போகும் வண்டியில் ஏறி, ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்து மரங்களைக் கண்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. திரும்பி வந்து ஆர்ச்வேயில் இறங்கினால் செங்குத்தான ஏற்றம்.

"எந்த ஊருக்குப் போனாலும் இவன் மேலதான் உக்காந்திருப்பான்," என்று மூச்சு வாங்கினான் முத்து. தரிசனம் முடித்து, திருநீறு பூசி, கிடைத்த புளிச்சாதத்தைத் தின்று கிங்ஸ்பரி திரும்பும்போது மாலை ஆகிவிட்டது.

அன்று தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் அந்தோனியார் நவநாள் பற்றிக் கூட்டம். பீலிக்ஸ் அண்ணைதான் தலைவர். "சும்மா வாங்கோ, சாப்பிட றோல்ஸ் இருக்கும்" என்று எங்களையும் கூட்டிப்போனார். ஒன்பது நாள் வழிபாடு. ஒவ்வொரு நாளும் ஓர் ஊர்க்காரரின் உபயம். அன்றைய பூ, பாட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அந்த ஊர்க்காரர் பொறுப்பு. எங்கள் தூத்துக்குடியிலும் உபயம் உண்டு. ஆனாலும் இங்கே கண்டதை நான் அங்கே கண்டதில்லை.

சிக்கல் இதுதான்: ஆறாம் நாள் மண்டபம் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது. ஆறாம் நாள்காரர்கள் ஒரு சின்ன ஊர், லண்டனில் மொத்தமே நாலைந்து குடும்பம். அரை மணி நேரமாக இழுபறி. எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டேன்.

"ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் சேர்த்து ஒரே நாளா வச்சுட்டா என்னங்க? ரெண்டு ஊரும் சேர்ந்து செய்யலாம். வேலையும் மிச்சம்."

றோல்ஸ் மெல்லும் சத்தம்கூட நின்றது.

கடைசி வரிசையில் அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஓர் அக்கா எழுந்தார். மெற்றில்டா என்று பெயர், குட்மேய்ஸிலிருந்து முதியோர் இல்ல ஷிப்ட் முடித்து, உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"தங்கச்சி, நீர் விருந்தாளி. அதால மரியாதையாச் சொல்லுறன். எங்கட நாள் எங்கட நாள்தான். மண்டபம் இல்லையெண்டா கார் பார்க்கில நிண்டு வைப்பம். மழை பெஞ்சா குடை பிடிப்பம்."

நான் எதிர்பாராதது அடுத்து நடந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மூன்றாம் நாள்காரர். இவருக்கும் மெற்றில்டா அக்காவின் ஊருக்கும் பல வருடமாக ஆகாது என்று வரும் வழியில்தான் தெரேசா அக்கா சொல்லியிருந்தார்.

"எங்களுக்கும் அவைக்கும் நூறு பிரச்சினை இருக்கு. அது வேற. அவையின்ர நாளில ஒருத்தரும் கை வைக்க ஏலாது. இண்டைக்கு ஆறாம் நாளை எடுத்தியளெண்டா நாளைக்கு மூண்டாம் நாளுக்கும் வருவியள்."

"ஓம், அதுதான் கதை," என்று நாலாபக்கமும் குரல்கள். ஏழாம் நாள்காரர்களே, அதாவது சேர்த்துவிட்டால் உதவிக்கு ஆள் கிடைக்கும் என்று நான் நினைத்தவர்களே, தங்கள் நாளில் இன்னொருத்தரைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஆறாம் நாளைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் கூடாரம் அடிப்பதென்றும், கூடாரத்தை மூன்றாம் நாள்காரர் தருவதென்றும் முடிவானது.

"பிள்ளை," என்று பீலிக்ஸ் அண்ணை காரில் சிரித்துக்கொண்டே வந்தார். "போப்பாண்டவர் வந்து கேட்டாலும் உது நடவாது. நல்லவேளை, உமக்கு வயசு குறைவு. இல்லாட்டி றோல்ஸாலயே எறிஞ்சிருப்பினம்."

நான் சிரிக்கவில்லை. முத்துவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"தலேனாவுக்கும் நாள் குடுப்போம்டா."

"என்னது?"

"நிதியத்தோட முதலைத் தொடக்கூடாது. வருமானம் வருஷா வருஷம் ஒரு மாவட்டத்துக்கு. அந்த வருஷம் முழுக்க அவங்க முறை. எரிவாயு தீர்ந்தாலும் நிக்கிற மாதிரி ஒண்ணு கட்டிக்கணும். துறைமுகமோ, ஆஸ்பத்திரியோ, அவங்க இஷ்டம். யாருக்கு எப்போன்னு எல்லார் முன்னாடியும் சீட்டுக் குலுக்கி எடுத்துரணும். அப்புறம் நிதியம் பிரதமரோடது இல்ல. எட்டு ஊரோடது."

முத்து நிதியமைச்சர்போல யோசித்தான். "முறை முடிஞ்சவன் ஏன் பிள்ள மத்தவனுக்காக நிக்கணும்? அவன்தான் வாங்கிட்டானே."

"அவன் முறை திரும்பி வரும். பக்கத்து மாவட்டத்து முறையை இன்னைக்கு உடைக்க விட்டா, நாளைக்கு இவன் முறை உடையும். இப்ப உள்ள பாத்தியே, மூணாம் நாள் ஆளு ஏன் எந்திரிச்சாரு?"

வீடு போய்ச் சேர்ந்த பிறகும் பேசினோம். முத்து எல்லா ஓட்டையும் தேடினான், பாதியை அடைத்தான், மீதிக்கு நாளை பார்க்கலாம் என்றான். தெரேசா அக்கா பால் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "நாட்டைப் பிரிக்கிறியளோ, சேக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி நாள் காலையில் ஜூபிலி லைன் நின்றுபோயிருந்தது. பேருந்தைப் பிடித்தோம். அதுவும் பாதி வழியில், இந்தப் பேருந்து இத்தோடு முடிகிறது என்று இனிமையான பெண் குரலில் அறிவித்து எங்களை நடுத்தெருவில் இறக்கிவிட்டது. எங்கள் ஊரில் பஸ் பாதியில் நின்றால் கண்டக்டரோடு சண்டை போடலாம். இங்கே அறிவிப்போடு எப்படிச் சண்டை போடுவது? அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"நில்லுங்கோ, வாறன்," என்றார். டைல்ஸ் வேனில் வந்தார். முத்து மடியில் டைல்ஸ் வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு லண்டன் நகருக்குள் நுழைந்தான். மண்டப வாசலில் இறங்கியபோது அவனுடைய கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளைத் தூள். பேக்கரியில் வேலை பார்க்கும் நிதியமைச்சர் மாதிரி இருந்தான்.

எங்கள் முறை கடைசி. அதற்குள் மற்ற அணிகளின் தலேனாக்கள் எல்லாம் கவிழ்ந்திருந்தன.

நான் மேடையில் ஏறித் திட்டத்தைச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எட்டுச் சீட்டைப் போட்டுக் குலுக்கினேன். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் வந்து எடுத்தார். ஏழாம் மாவட்டத்துக்கு ஏழாம் ஆண்டே வந்தது, தற்செயல்தான். ரொனால்ட் அதைப் பெரிய நியாயமாக எடுத்துக்கொண்டார். அட்டையின் பின்பக்கத்தில் 'துறைமுகம்' என்று எழுதிப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்.

முதல் தேர்தல் ஜெயித்தோம், மயிரிழையில். இரண்டாவது கொஞ்சம் நன்றாகவே. அதற்குப் பிறகு நடுவர்கள் எரிவாயு விலையைக் கீழே போட்டார்கள். பதின்மூன்றாம் ஆண்டு. ஹானா எழுந்தாள். அதே கூரை, அதே ஒழுகல், அதே தூங்கும் பணம்.

கைதட்டல் வரவில்லை. ஏழாம் பகுதியிலிருந்து ரொனால்ட் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும், அம்மணி. இன்னும் இரண்டு வருஷத்தில் எங்கள் முறை மறுபடி வருகிறது. துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டவில்லை. இப்போது உடைத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"உனக்கு மட்டுமா? அடுத்த வருஷம் எங்களுடையது," என்றாள் இரண்டாம் பகுதியில் ஒரு மாணவி. ஹானா பேச முயன்றாள். கூட்டம் அவளைக் கேட்கவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நிதியம் தன்னைத்தானே காத்துக்கொண்டது.

பதினைந்தாம் ஆண்டுத் தேர்தலையும் ஜெயித்தோம். தைரியம் வந்துவிட்டது. நாட்டில் ஆரம்பம் முதலே எரிபொருள் பாதி விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. எரிவாயு தீரப்போகும் நாட்டுக்கு அது விஷம். அந்தச் சலுகையை மெதுவாக நிறுத்துகிறோம் என்று அறிவித்தேன். வேண்டாம், இன்னொரு ஐந்து வருடம் போகட்டும் என்று முத்து கோட்டைப் பிடித்து இழுத்தான். அவன் சொன்னது சரி. இருபதாம் ஆண்டுத் தேர்தலில் எங்களைத் தூக்கி எறிந்தார்கள்.

தோற்ற அமைச்சரவை மேடையை விட்டிறங்கி ஓரத்து நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். டுடோரியல் கரும்பலகை கண்ணுக்கு முன்னால் வந்தது. முத்து சாண்ட்விச்சைப் பிரித்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஹானா பிரதமர் ஆனாள். வழக்கம்போல முதல் அறிவிப்பு: "எரிபொருள் பழைய விலைக்கே கிடைக்கும். அதற்காக நிதியத்தைத் திறக்கிறோம்."

மூன்றாம் பகுதி எழுந்து நின்றது. அடுத்த முறை அவர்களுடையது. பிறகு இரண்டு, ஏழு, ஒன்று. போன வருடம்தான் தன் முறையை முடித்திருந்த எட்டாம் பகுதியும் எழுந்தது. அங்கிருந்து ஒரு கடைக்காரர் கத்தினார்: "உனக்கு ஓட்டுப் போட்டது எரிபொருளுக்காக. முறையில் கை வைப்பதற்காக இல்லை."

ஹானா தாளைப் புரட்டினாள். வேறு எங்கிருந்தும் பணம் எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, நிதியத்தை விட்டுவிடுகிறேன் என்றாள். நிதியம் இல்லாமல் மலிவு எரிபொருளும் இல்லை. ஆக, நான் கொண்டுவந்த சீர்திருத்தமும் அப்படியே நின்றது, அதைத் திட்டிப் பதவிக்கு வந்தவளின் கையாலேயே. மிச்சப் பத்தாண்டும் அவள்தான் ஆண்டாள். நன்றாகவே ஆண்டாள் என்று சொல்ல வேண்டும். முப்பதாம் ஆண்டு மணி அடித்தபோது நிதியம் முழுதாக இருந்தது.

நடுவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். தோற்றுப்போன அமைச்சரவைக்குப் பரிசு கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்பது எங்கள் காதில் விழுந்தது. தலைமை நடுவர், ஒல்லியான ஓர் அம்மா, எழுந்து வந்தார்.

"முப்பது ஆண்டு கழித்து நாட்டிடம் என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் கேட்டோம். நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை," என்றார். "தலைவர் போன பிறகும் உடையாத ஒன்றை இந்த மண்டபத்தில் முதல் முறையாகப் பார்க்கிறேன். படிப்பு இந்த இருவருக்கு."

முத்து என்னைக் கட்டிப்பிடித்ததில் என் புடவையெல்லாம் டைல்ஸ் தூள். ஹானா வந்து கைகுலுக்கினாள்.

"மனதார உடைக்கப் பார்த்தேன்," என்றாள். "விடமாட்டோம் என்றுவிட்டார்கள்."

கூட்டம் கலைந்தது. தொண்டர்கள் கூடையோடு வரிசை வரிசையாகப் போய் அட்டைகளைத் திரும்ப வாங்கினார்கள். ஏழாம் பகுதியில் மட்டும் சலசலப்பு. ரொனால்ட் தன் மீனவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடிந்துவிட்டது, ஐயா," என்றாள் தொண்டர்ப் பெண்.

"உனக்கு முடிந்திருக்கலாம்," என்றார் அவர். "அடுத்த வருஷம் எங்கள் முறை."

அட்டையைக் கொடுக்காமலே வெளியே போனார்.